மிஸ்ஸிமார் வெறுங்காலோட நடந்த அறை

என்ட குரல் பெரிய குரல். மூதூரில எங்கட வீடு கடற்கரையை ஒட்டி இருந்தது. காத்தும் அலையும் இரைஞ்சுகொண்டே இருக்கிற இடத்தில மெதுவாக் கதைச்சு ஒரு காரியமும் நடக்காது. வள்ளத்தில நிக்கிற மனுசனுக்குச் சோறு ஆறுது எண்டு சொல்ல, கரையில நிண்டு ஒருக்காக் கூப்பிடுவன். பக்கத்து வள்ளத்து ஆக்களும் சேந்து வீட்டுக்கு வெளிக்கிடுவினம். கலியாணம் கட்டி வந்த புதுசில என்ட மச்சாள், அதுதான் மனுசன்ட அக்கா, "உனக்கு வாய் எண்டு கடவுள் தந்தது என்னத்தை எண்டு தெரியேல்ல, லோஞ்சுக்குப் பூட்ட வேண்டிய ஹோர்னை மாறிப் பூட்டிப்போட்டார்" எண்டு பகிடி பண்ணுவா. அவட குரல் மட்டும் என்ன குயிலின்ட குரலோ?

அப்பிடிப்பட்ட என்னை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வைச்சது ரெண்டு நேர்ஸ்மார். நேர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி எண்டுதான் கூப்பிடுவம். அவையின்ட முகத்தை இண்டைக்கும் நான் மறக்கேல்ல. சாமி கும்பிடேக்க அவையையும் நினைச்சுத்தான் கும்பிடுறனான்.

இது அறுபதுகளில நடந்தது. மூத்தவளுக்கு அப்ப ஆறு வயசு. கரையில கிடந்த உடைஞ்ச வள்ளத்துப் பலகையில விளையாடி, கறள் பிடிச்ச ஆணி ஒண்டைக் காலில ஏத்திக்கொண்டு வந்தாள். மஞ்சளும் எண்ணெயும் சுடவைச்சு ஒத்தினம். ஊரில எல்லாரும் செய்யிறது அதுதான். காயம் மாறிட்டுது, நாங்களும் மறந்துபோனம். பேந்து ஒருநாள் காலமை பல்லைக் கிட்டிக்கொண்டு எழும்பினாள். வாயைத் திறக்கச் சொன்னால் ஏலாது எண்டு தலையை ஆட்டிறாள். கழுத்து விறைச்சுப்போய் இருந்தது. அடுத்த லோஞ்சில, அதுதான் சனம் ஏத்துற மோட்டர் வள்ளத்தில, ஏத்திக்கொண்டு திருகோணமலைக்கு வந்தம். லோஞ்ச் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடேக்க, என்ட மடியில கிடந்த புள்ளை பலகை மாதிரி விறைச்சு விறைச்சு வந்தாள்.

ஆஸ்பத்திரியில டொக்டர் எங்களை வெளியில கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"இது ஏற்பு, அந்த ஆணிக் காயத்தால வந்தது. ஊசி போட்டிருக்கிறம். இனிச் சத்தம், வெளிச்சம், கை படுறது, எது பட்டாலும் உடம்பு இழுக்கும். பெரிய இழுப்பு ஒண்டு வந்தால் மூச்சு நிண்டுபோயிடும். இந்தக் கிழமையை அமைதியாத் தாண்டினால் புள்ளை தப்பும்."

வீட்டில மற்றப் புள்ளையள் ரெண்டு தனிய நிண்டதுகள், மனுசன் திரும்பிப் போக வேண்டி இருந்தது. நான் நிண்டன்.

இப்ப பெரிய ஆஸ்பத்திரியளில இப்பிடியான புள்ளையளுக்கெண்டு தனிப் பிரிவும் மிசினுகளும் இருக்காம். அண்டைக்கு எங்களுக்குக் கிடைச்சது வார்ட்டின்ட கடைசித் தொங்கலில ஒரு சின்ன அறையும் அந்த ரெண்டு மிஸ்ஸிமாரும்தான். பெரிய மிஸ்ஸி காலிப் பக்கத்துச் சிங்கள மனுசி, வயசு அம்பதுக்குக் கிட்ட. தமிழில "மெதுவா", "பொறுங்கோ", "நல்லம்" எண்டு மூண்டு சொல்லுத்தான் தெரியும். சின்ன மிஸ்ஸி திருகோணமலை ரவுணிலயே பிறந்த தமிழ்ப் புள்ளை, படிப்பு முடிச்சு வந்து கனகாலம் இல்ல.

முதல்நாளே எனக்கும் அவைக்கும் சண்டை. நான் புள்ளையின்ட தலையைத் தடவப் போனன், பெரிய மிஸ்ஸி என்ட கையைப் பிடிச்சிட்டா. பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தன், சின்ன மிஸ்ஸி தன்ட வாயில விரலை வைச்சா. எனக்கு வந்தது பாருங்கோ ஒரு கோவம். பெத்தவள் நான், என்ட புள்ளையைத் தொடாதே எண்டு சொல்ல இவளுகள் ஆர்? வெளியில வந்து சின்ன மிஸ்ஸியோட ஏறிப் பாஞ்சன். அவ என்னை ஏசேல்ல. "அக்கா, நீங்கள் தொட்டால் அவளுக்கு அது அம்மா எண்டு தெரியாது. உடம்புக்கு அடி விழுந்த மாதிரித்தான் தெரியும். நீங்கள் உள்ளுக்கு இருக்கலாம். ஆனால் அந்த மூலையில கிடக்கிற கதிரை மாதிரி இருக்க வேணும்" எண்டா. கதிரை மாதிரி! என்னை!

இருந்தன். இருந்து பாத்தாப் பிறகுதான் அவை செய்யிறது என்னெண்டு எனக்கு விளங்கினது.

யன்னலுக்குக் கறுத்தக் கம்பளி கட்டி இருந்தது. கதவின்ட பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தது. சப்பாத்தை வாசலில கழட்டிப்போட்டு வெறுங்காலோடதான் உள்ளுக்கு வருவினம். ஊசி கொண்டு வாற தட்டத்தைத் துணியால சுத்தி வைச்சிருந்தவை, உலோகம் உலோகத்தில முட்டக் கூடாது எண்டு. கட்டில் காலுகளுக்கு அடியில சயிக்கிள் ரியூப்பை வெட்டி வைச்சிருந்தவை. மூலையில இருந்த பைப் பூட்டினாலும் சொட்டும். பெரிய மிஸ்ஸி அதில ஒரு காயத்துணித் துண்டைக் கட்டித் தொட்டிக்குள்ள தொங்க விட்டா, தண்ணி துணியாலயே வழிஞ்சு சத்தமில்லாமல் இறங்கினது. அதுவரைக்கும் அது சொட்டினது எனக்குக் காதிலயே விழேல்ல. என்ட புள்ளைக்கு விழுந்திருக்கு எண்டு அவவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

என்ட கையில கிடந்த கண்ணாடிக் காப்புகளை முதல்நாளே கழட்டி, கைலேஞ்சியில முடிஞ்சு தந்திட்டினம்.

மற்றது, வேலை செய்யிற விதம். நாங்கள் வீட்டில வருத்தக்காரருக்கு என்ன செய்வம்? போறவை வாறவை எல்லாம் நெத்தியைத் தொட்டுப் பாப்பம், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா "என்ன செய்யுது ராசா" எண்டு கேப்பம், ஒரு வாய் தண்ணி பருக்குவம். அதுதான் அன்பு எண்டு எங்கட நினைப்பு. இவை அப்பிடி இல்ல. மருந்து குடுத்து அவள் நல்லா அயந்தாப் பிறகு ரெண்டு பேருமாச் சேந்து வருவினம். மூக்குக் குழாயால பால் விடுறது, துடைக்கிறது, துணி மாத்திறது, பிரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்து முடிச்சிட்டுப் போயிடுவினம். பிறகு கிட்டவும் வராயினம், தள்ளி நிண்டு நெஞ்சு ஏறி இறங்கிறதைப் பாப்பினம். தொட முந்திப் பெரிய மிஸ்ஸி ரெண்டு உள்ளங்கையையும் தேச்சுச் சூடாக்குவா. முதல்ல மெத்தையில கையை வைப்பா, பேந்து போர்வையில, பேந்துதான் புள்ளையில. சீனன்குடாவில இருந்து பிளேன் எழும்புற நேரமும் அவவுக்கு ஒரு கணக்கு. அதுக்கு முந்தி மருந்து உள்ளுக்குப் போயிருக்கும், காதில பஞ்சும் இருக்கும். பிளேன் கூரைக்கு மேலால இரைஞ்சு போகேக்க நாங்கள் மூண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம்.

இவ்வளவும் என்னத்துக்கு எண்டு எனக்குக் காட்டினது ஒரு மூடி. மூண்டாம் நாளோ என்னவோ, வெளி விறாந்தையில ஆரோ ஒராள் வாளி மூடியைக் கைதவறி விட்டிட்டார். அவ்வளவுதான். என்ட புள்ளையின்ட முதுகு வில்லா வளைஞ்சு, தலையும் குதியும்தான் மெத்தையில. கண் திறந்தபடி. மூச்சு இல்ல. உதடு நாவற்பழம் மாதிரி நிறம் மாறினது. பெரிய மிஸ்ஸி ஓடேல்ல, கத்தேல்ல. ஊசியைப் போட்டா, தாடையைப் பிடிச்சா, காத்துக் குடுத்தா. எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியாது. பேந்து நெஞ்சு ஒருக்கா ஏறினது. நான் சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டு மூலையில இருந்தன். இன்னொரு இழுப்பு இப்பிடி வந்தால் தாங்காது எண்டு பெரிய மிஸ்ஸி சொல்லேல்ல. அவட முகத்தைப் பாக்கவே விளங்கினது.

அதுக்கு அடுத்தநாள் பின்னேரம்தான் மச்சாள் வந்தவ.

நான் அந்த நேரம் அறை வாசலில நிலத்தில குந்தி இருந்தன். மச்சாள் கண்டது என்னெண்டால்: யன்னலில கறுத்தத் துணி. சாத்தின கதவு. செருப்புச் சப்பாத்து இல்லாமல் தலை குனிஞ்சு போற மிஸ்ஸிமார். எண்ணெய் காணாத தலையும் காப்பில்லாத வெறுங்கையுமா நான். அவ "புள்ளை எப்பிடி" எண்டு கேக்க வாயைத் திறக்க, நான் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் எண்டு தலையை ஆட்டினன். சத்தம் போடாதேங்கோ எண்டு நான் சொன்னது. புள்ளை இல்ல எண்டு அவ எடுத்தது. பெரிய மிஸ்ஸியும் பாவம் எண்டு அவட தோளைப் பிடிச்சு, முதுகைத் தடவித் தடவி, ஆஸ்பத்திரிக் கேற் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறா. சொல்லி விளங்கப்படுத்த அவவிட்டத் தமிழ் இல்ல.

காப்பில்லாத கையைக் கண்டவுடன முதல்ல தன்ட தம்பிக்குத்தான் என்னமோ எண்டு மச்சாள் திடுக்கிட்டவவாம். "அவனைக் காலமை கரையில கண்டனான்தானே, அப்ப இது புள்ளைக்குத்தான்" எண்டு தானே முடிவு கட்டிக்கொண்டாவாம். நல்ல முடிவு. கடைசி லோஞ்சில ஏறிப் போய் ஊருக்கே சொல்லிப்போட்டா.

எனக்கு இதொண்டும் தெரியாது. அடுத்தநாள் காலமை சின்ன மிஸ்ஸி வேலைக்கு வரேக்க இறங்குதுறைப் பக்கத்தால வந்திருக்கிறா. மூதூர் லோஞ்சில இருந்து ஒரு சனம் இறங்குதாம். பொம்பிளையள் தலையில அடிச்சுக்கொண்டு, ஒராள் வெள்ளைத் துணியும் கையுமா. ஆர் எண்டு கேட்டதுக்கு, ஆஸ்பத்திரியில செத்துப்போன புள்ளையை எடுக்க வந்தனாங்கள் எண்டு சொல்லியிருக்கினம். மூதூர்ப் புள்ளை எண்டு ஆஸ்பத்திரியில இருந்தது என்ட புள்ளை ஒண்டுதான். அவ சயிக்கிளை மிதிச்சுப் பறந்து வந்து என்னை வெளியில இழுத்துச் சொன்னா.

அந்த அறையின்ட யன்னல் றோட்டுப் பக்கம். எங்கட பொம்பிளையள் ஒப்பாரி வைக்கத் துவங்கினால் கூரை பறக்கும், அது எனக்குத் தெரியாதோ? ஒரு வாளி மூடிக்கே நிண்டுபோன மூச்சு. நான் அப்பிடியே வெளிக்கிட்டு ஓடினன், சின்ன மிஸ்ஸி பின்னால.

கேற்றடிக்கு வரேக்க அவை றோட்டு வளைவில திரும்பிட்டினம். நாப்பது பேர் இருக்கும். எங்கட சொந்தங்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆக்கள், மனுசனோட கடலுக்குப் போறவை. முன்னுக்கு மனுசன். வெள்ளைத் துணி அவற்ற கையில. என்னைக் கண்ட உடன பொம்பிளையள் கொண்டையை அவிட்டுக்கொண்டு, கையை விரிச்சுக்கொண்டு வரத் துவங்கினவை. அப்பதான் எனக்கு உறைச்சது: என்ட கோலம்தான் அவையளுக்குச் சாட்சி. தலைவிரி கோலமா, வெறுங்கையோட, கண்ணீரோட ஓடி வாற தாயைக் கண்டால் வேற என்ன நினைப்பினம்? நான் கையை ஆட்டினாலும் அழுகை, தலையை ஆட்டினாலும் அழுகை. கத்திச் சொன்னால் அந்தக் கத்தல்தான் முதல்ல யன்னலுக்குள்ள போகும். பிறந்ததில இருந்து சத்தத்தை நம்பிச் சீவிச்ச நான், அந்த இடத்தில வாயிருந்தும் ஊமை.

சின்ன மிஸ்ஸி கேற்றடித் தேத்தண்ணிக் கடைக்குள்ள கையை விட்டு ஒரு பணிஸை எடுத்து என்ட கையில திணிச்சா.

"தின்னுங்கோ அக்கா."

எனக்கு விசர் ஏறினது. இந்த நேரத்தில திங்கிறதோ எண்டு அவவை முறைச்சன்.

"அவை பாக்கத் தின்னுங்கோ. கெதியா."

அப்பதான் விளங்கினது. செத்த வீட்டில அடுப்பு மூட்டமாட்டம். பெத்தவளின்ட வாயில பச்சைத் தண்ணியும் படாது, சனம் கெஞ்சினாலும் படாது. இது எங்கட ஊரில ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிற விசயம் இல்ல, எல்லாருக்கும் தெரியும். நான் றோட்டு நடுவில நிண்டு அந்தப் பணிஸை ஒரு கடி கடிச்சன். கடிச்சுச் சப்பினன். தொண்டை காஞ்சுபோய்க் கிடந்தது, இறங்கேல்ல. கண்ணால தண்ணி ஓட ஓட ரெண்டாம் கடியும் கடிச்சன். கடைக்காரர் ஒண்டும் விளங்காமல் பிளேன்ரீக் கோப்பையை நீட்டினார். அதையும் வாங்கிக் குடிச்சன்.

விரிஞ்ச கையெல்லாம் அப்பிடியே நிண்டது. ஒரு பொம்பிளை மூச்சை உள்ளுக்கு இழுத்தபடி, விட மறந்துபோய் நிண்டா. முதல்ல விளங்கினது மனுசனுக்குத்தான். அவர் வெள்ளைத் துணியைச் சுருட்டிக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு, றோட்டு ஓரத்தில குந்தி இருந்து, ரெண்டு கையாலயும் முகத்தை மூடினார். மச்சாள் என்ட கிட்ட வந்தா. நான் அவட காதுக்குள்ள, "உயிரோட இருக்கிறாள். சத்தம் போட்டால்தான் சாவாள்" எண்டன். நான் அவ்வளவு மெதுவாக் கதைச்சு மச்சாள் ஒருநாளும் கேட்டதில்ல. சீலைத் தலைப்பால தன்ட வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு மற்றவையிட்டப் போனா.

பெரிய மிஸ்ஸி வெளியில வந்தா. நாப்பது பேரைக் கண்டு ஆரையும் துரத்தேல்ல. எல்லாரையும் பாத்துக் கும்பிட்டா. பேந்து றோட்டின்ட அந்தத் தொங்கலையும் இந்தத் தொங்கலையும் கையால காட்டினா, காதைப் பொத்திக் காட்டினா. எங்கட ஆக்களுக்கு வேற என்ன வேணும்? அழ வந்த சனம் காவல் நிக்கத் துவங்கிட்டுது. ஆம்பிளையள் ரெண்டு பக்கமும் போய் நிண்டு, சயிக்கிள்காரரை மணி அடியாமல் இறக்கி உருட்டிக்கொண்டு போக வைச்சினம். மாட்டு வண்டில் ஒண்டு வந்தது, எங்கட பக்கத்து வீட்டுக்காரர் மாட்டின்ட கழுத்துச் சலங்கையைத் தொப்பியால பொத்திப் பிடிச்சுக்கொண்டு கூடவே நடந்தார். பொம்பிளையள் மதிலோரத்தில வரிசையா இருந்தினம். அண்டைக்கு முழுக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அடுத்த நாலைஞ்சு நாளும் லோஞ்சுக்கு நாலு பேரா முறை வைச்சு வந்து நிண்டவை. அந்தச் சனத்துக்கு நான் என்ன கைமாறு செய்யிறது?

பெரிய இழுப்பு பிறகு வரேல்ல. சின்னச் சின்ன இழுப்பு வந்தது, அதுவும் குறைஞ்சது. கம்பளியை ஒரேயடியாக் கழட்டேல்ல, ஒவ்வொரு நாளும் ஒரு சாண் விலத்தினவை. ஒருநாள் பெரிய மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, தன்ட கையைத் தேய்க்கிற மாதிரி என்ட உள்ளங்கையைத் தேச்சுவிட்டு, மெத்தையில வைக்கச் சொன்னா. பேந்து போர்வையில. பேந்து புள்ளையில. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாள். "நல்லம்" எண்டா பெரிய மிஸ்ஸி. நான் அவட காலில விழப் போனன், விடேல்ல. அழவும் விடேல்ல, வாசலைக் காட்டினா. வெளியில போய்த்தான் அழுதன்.

ஊருக்குத் திரும்பி வந்து ரெண்டு மூண்டு நாளில, நேத்தி தீர்க்க அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனம். மச்சாளும் வந்தா, மனுசனும் வந்தார். குறுக்கு வழி சுடலையைத் தாண்டித்தான் போகும். வேலியோரமா, புது மண்ணோட சின்னதா ஒரு மேடு இருந்தது. நாங்கள் இல்லாத நேரம் ஆரின்ட புள்ளையோ எண்டு மனம் பதைச்சு, மச்சாளிட்டக் கேட்டன். மச்சாள் மனுசன்ட முகத்தைப் பாத்தா. மனுசன் கடலைப் பாத்தார்.

அவதான் சொன்னா. கதை வந்த அண்டு இரவே ஆக்கள் போய்க் குழி வெட்டிட்டினமாம், காலமை கொண்டு வந்தவுடன அடக்கம் செய்யலாம் எண்டு. வெட்டின குழியை வெறுமனே மூடக் கூடாது எண்டு ஒரு வாழைக்குத்தியை உள்ளுக்கு வைச்சுப் புதைச்சதாம்.

நான் அந்த மேட்டைப் பாத்தன், பக்கத்தில நிண்ட புள்ளையைப் பாத்தன். அளவு சரியா இருந்தது. ஒரு சாண் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கறுத்தக் கம்பளியும், தேங்காயெண்ணெயும், பைப்பில தொங்கின துணியும், அந்த ரெண்டு பேரின்ட வெறுங்காலும் என்ட புள்ளையை எதுக்குள்ள போக விடாமல் பிடிச்சு வைச்சிருந்தது எண்டு அப்பதான் கண்ணால கண்டன்.

"ஆரம்மா அதுக்குள்ள?" எண்டு கேட்டாள் மகள்.

மச்சாள்தான், "ஒரு வாழைமரம் படுத்திருக்குது ராசாத்தி" எண்டா.

வாழைமரத்தைப் போய்ப் புதைக்கிறதோ எண்டு அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. சின்னச் சிரிப்பில்ல, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, என்ட புள்ளை எண்டு சொல்லிக்கொள்ளக் கூடிய பெரிய சிரிப்பு. நான் யோசிக்கவே இல்ல, பாஞ்சு போய் ஒரு கையால அவளின்ட வாயைப் பொத்தி, மற்றக் கையால முதுகைப் பிடிச்சன். முதுகு வளையப் போகுது எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.

ஒண்டும் நடக்கேல்ல. என்ட கையைப் பிடிச்சு விலத்திப்போட்டு அவள் இன்னும் பெரிசாச் சிரிச்சாள். நான் கையை எடுத்தன். அவள் சிரிச்சு முடியுமட்டும் நாங்கள் மூண்டு பேரும் அந்த வழியில நிண்டனாங்கள்.